பிளக் பொருந்தினால் போதுமா?

கடல் கடந்து போனவரை ஊரார் விலக்கி வைத்த காலம் மலையேறிவிட்டது. இன்று மயிலாப்பூரிலாகட்டும், மதுரையிலாகட்டும், பிள்ளையோ பெண்ணோ அயல்நாட்டில் இல்லாத தெருவைக் காண்பது அரிது. பெண்ணுக்குப் பிரசவம் என்றும், பேரனுக்கு ஆண்டு நிறைவு என்றும், அறுபதைத் தாண்டிய தம்பதிகள் தைரியமாக விமானம் ஏறுகிறார்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் மூட்டை கட்டும் படலம் ஆரம்பமாகிவிடுகிறது. வடாம், சாம்பார்ப் பொடி, பிரசவ லேகியம் இவற்றுக்கு நடுவே, பழம்புடவையில் சுற்றிய மிக்ஸி ஒன்றும் இஸ்திரிப் பெட்டி ஒன்றும் இடம் பெறுகின்றன. "அந்த ஊர் பிளக் வேறு மாதிரியாமே?" என்று யாராவது கேட்டால், "அதற்குத்தான் அடாப்டர் வாங்கியாயிற்றே!" என்று பதில் வருகிறது.

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறோம்.

வேறு வடிவமுள்ள துவாரத்தில் நம்முடைய பிளக்கைப் பொருத்தித் தருவது அடாப்டரின் வேலை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் அழுத்தத்தை அது கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. வாசலில் நிற்கும் சேவகன் கதவைத் திறந்து விடுகிறான். உள்ளே வருகிறவர் விருந்தாளியா, திருடனா என்று அவன் விசாரிப்பதில்லை.

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகள், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா முதலிய இடங்களிலும் அதே 230 வோல்ட்தான். பிளக்கின் வடிவம் மட்டுமே வேறு. ஆனால் அமெரிக்காவிலும் கானடாவிலும் 120 வோல்ட். ஜப்பானிலோ 100 வோல்ட். இந்தப் பேதத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1882-ல் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் எடிசன் மின்சார நிலையம் தொடங்கியபோது, தமது விளக்குகளுக்கு ஏற்றபடி 110 வோல்ட் அளவில் மின்சாரம் வழங்கினார். அமெரிக்கா அந்த வழியை விட்டு அதிகம் விலகவில்லை. அழுத்தத்தைக் கூட்டினால் அதே கம்பியில் அதிக சக்தியை அனுப்பலாம் என்று கண்ட ஐரோப்பியர், பிற்பாடு அதை இரட்டித்துக்கொண்டார்கள்.

எனவே, நம் ஊர் மிக்ஸியை அமெரிக்காவில் மாட்டினால் மோட்டார் முக்கி முனகுமே தவிர, மாவு அரைபடாது. பிடிவாதமாக ஓட்டினால் சூடேறிக் கெட்டுப் போகவும் கூடும். இஸ்திரிப் பெட்டியில் வழக்கமான வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் உண்டாகும். இதிலே நஷ்டம் அதிகம், அபாயம் குறைவு.

திரும்பி வரும்போதுதான் பயங்கரம். பெண் ஆசையோடு வாங்கிக் கொடுத்த அமெரிக்கத் தலைமுடி உலர்த்தியைச் சென்னையில் அடாப்டர் போட்டு மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால் பாயும் மின்சாரமும் இரட்டிப்பு. இரண்டும் சேர்ந்து வெப்பம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு! கம்பிச் சுருள் எரிந்து போகலாம்; பிளாஸ்டிக் கூடு உருகித் தீப்பற்றவும் செய்யலாம். அடாப்டரோ யாதொரு குறையுமின்றித் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும்.

ஆகையால், பெட்டியில் வைக்கும் முன் ஒவ்வொரு சாதனத்தின் அடியிலும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் கவலையில்லை. அடாப்டர் ஒன்றே போதும். கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜர்கள் அநேகமாக இந்த ரகத்தைச் சேர்ந்தவை. '230 வோல்ட்' என்று மட்டும் இருந்தால், அமெரிக்கா போகிறவர்கள் அந்தச் சாமானை வீட்டிலேயே விட்டுச் செல்வது உத்தமம். மிக்ஸியைத் தாங்கக்கூடிய டிரான்ஸ்பார்மர் கனத்த பெட்டி. அதைச் சுமப்பதைவிட, அங்கேயே விற்கும் 110 வோல்ட் மிக்ஸியை வாங்குவது எளிது. மூச்சுத் திணறலுக்கு நெபுலைசர் வைத்திருப்பவர்கள் இந்த எழுத்துக்களை இரண்டு தடவை படிக்க வேண்டும். அயலூரில் நடு நிசியில், பிளக் பொருந்தியும் மருந்து வராமல் தவிக்கும் நிலை எவருக்கும் வேண்டாம்.

அடாப்டரின் மேலும் எழுத்து உண்டு. '6 ஆம்பியர்' என்று இருந்தால், 230 வோல்ட் ஊரில் அது 1380 வாட் வரையிலும், 120 வோல்ட் ஊரில் 720 வாட் வரையிலுமே தாங்கும். 1500 வாட் கெட்டிலை லண்டனில் அதில் மாட்டிக் காப்பிக்கு வெந்நீர் வைத்தால், நீருடன் அடாப்டரும் கொதிக்கத் தொடங்கும். தவிர, நம் பிளக்கில் பருமனாகவும் நீளமாகவும் இருக்கும் பின்தான் எர்த். பிரயாண அடாப்டர்கள் பலவற்றில் அதற்குத் துவாரம் இருக்கும். உள்ளே இணைப்பு இராது. உலோகப் பாகமுள்ள இஸ்திரிப் பெட்டிக்கும் கெட்டிலுக்கும் அத்தகைய அடாப்டர் ஆகவே ஆகாது. உள்ளே கசிவு ஏற்பட்டால், மின்சாரம் பூமிக்குப் போக வேறு வழியின்றி, தொடுகிறவரின் உடலையே வழியாகக் கொள்ளும்.

இன்னும் ஒரு வழக்கத்தையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இங்கிலாந்திலும் சுவரில் மூன்று நீள்சதுரத் துவாரங்கள் இருக்கின்றன. கீழ் இரண்டுக்கும் உள்ளே சிறு கதவுகள் உண்டு. மேலே எர்த் பின் நுழைந்தால்தான் அவை திறக்கும். குழந்தைகள் ஊசியையோ கம்பியையோ செருகிவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு அது. நம்மவர் சிலர் மேல் துவாரத்தில் பேனாவை நுழைத்துக் கதவைத் திறந்து, நம் ஊர் இரட்டைப் பின் சார்ஜரை உள்ளே திணித்துவிடுகிறார்கள். பின் சரியாகப் பற்றாமல் பொறி பறக்கலாம்; அந்த நாட்டுப் பிளக்குக்குள்ளேயே இருக்கும் பியூஸின் காவலும் கிடைப்பதில்லை. எல்லாவற்றையும்விட, அருகில் நின்று கவனிக்கும் பேரப்பிள்ளை அந்த வித்தையைக் கற்றுக்கொள்கிறது. அதன் கையில் பேனா இராது. அம்மாவின் கொண்டை ஊசி இருக்கும். ஓர் அடாப்டரின் விலையை மிச்சம் பிடிக்க அவ்வளவு பெரிய பாடத்தையா கற்பிப்பது?

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய கைப்பேசிகளுக்கெல்லாம் ஒரே விதமான சார்ஜர் முனை வேண்டுமென்று சட்டம் செய்திருக்கிறது. சுவரில் உள்ள துவாரமோ இன்னும் தேசத்துக்கு ஒரு விதமாகவே இருந்து வருகிறது. உலகம் முழுவதும் ஒரே பிளக் என்ற நன்னாள் வரும்போது வரட்டும். அது வரையில் நம்மைக் காப்பாற்றக் கூடியவை மூக்குக் கண்ணாடியும், பொடி எழுத்தைப் படிக்க இரண்டு நிமிஷப் பொறுமையுந்தான்.