'நான்' என்பதை விடக்கூடாது

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஆறு பெண்கள் பிரெஞ்சு படிக்கிறார்கள். ஐந்து பேரின் கணவன்மார் பிரான்சில். ஆறாவது, மருமகளுக்குத் துணையாக வந்து தானும் ஒரு கொப்பி வாங்கிக்கொண்ட அம்மா.

"பாரிசில் லாச்சப்பல் பக்கம் எல்லாம் தமிழ்க்கடைதானே, பிறகேன் பாஷை?" என்று சிலர் கேட்கிறார்கள். மரக்கறி வாங்கவும் நகை வாங்கவும் தமிழ் போதும்தான். நானும் அப்படி நினைத்துத்தான் அங்கே போனேன். முதல் வருடம் முடிகிற நேரம் எனக்கு அடிவயிற்றில் நோ வந்தது. டாக்டரிடம் எனக்காகக் கதைத்தவன் எட்டு வயது மகன். அவர் கேட்ட சில கேள்விகளுக்குப் பிள்ளையிடம் எப்படிப் பதில் சொல்வது? "ஒன்றுமில்லை என்று சொல்லு" என்றேன். அந்த நோவோடு இன்னும் நாலு மாதம் கிடந்தேன்.

இப்போது வதிவிட அட்டைக்கும் பாஷை வேண்டும். 2024 ஜனவரிச் சட்டத்தோடு அதற்குக் கேட்கிற மொழித்தகைமையையும் கூட்டிவிட்டார்கள்.

நான் நாளாந்த வேலைகளில்தான் பாடத்தைத் தொடங்குவேன். பிரெஞ்சு வினைச்சொற்களில் பெரும்பாலானவை ஈ, ஆர் என்ற இரண்டு எழுத்தில் முடியும். வாயில் 'ஏ' என்று கேட்கும். பார்லே என்றால் கதைக்கிறது. லாவே கழுவுகிறது. திரவாயே வேலை செய்கிறது. அந்த 'ஏ'யை வெட்டிவிட்டால், 'ஜ பார்ல்' நான் கதைக்கிறேன், 'ட்யூ பார்ல்' நீ கதைக்கிறாய், 'எல் பார்ல்' அவள் கதைக்கிறாள். அவர்கள் என்றாலும் 'பார்ல்' தான். எழுதும்போது வால் மாறும். வாய் அந்த வாலைச் சொல்லாது. நாங்கள் என்றால் 'நூ பார்லோன்', கடைசி எழுத்து மூக்கோடு நின்றுவிடும். நீங்கள் என்றால் 'வூ பார்லே'. நீ, நீங்கள் வித்தியாசத்தை எங்கள் பெண்களுக்குப் படிப்பிக்கவே தேவையில்லை. வசிக்கிறது என்ற 'அபித்தே' போல உயிர் ஒலியில் தொடங்கும் சொல்லோடு ஜ ஒட்டிக்கொள்ளும்: ஜாபித்.

ஒரு வினைக்கு மூன்று ஒலி பழகினால் போதும். ஷெர்ஷே, தேடுகிறது, என்ற சொல்லுக்கு மருந்துக்கடையைத் தேடுகிறேன், ஸ்ரேசனைத் தேடுகிறேன் என்று வசனம் கொடுத்தேன். அந்த அம்மா தன் கொப்பியில் வேறு என்னவோ எழுதி மூடிவைத்தார். நான் கேட்கவில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 'வேலை செய்கிறேன்' என்றால் அது நான்தான் என்று தமிழில் சொல்லின் முடிவே காட்டிவிடும். பிரெஞ்சில் 'திரவாய்' என்று மட்டும் சொன்னால் நானா, அவளா, அவர்களா என்று தெரியாது. 'ஜ' போட்டே ஆகவேண்டும். எல்லாரும் இதில்தான் பிழை விடுவார்கள்.

இவர்களில் ஒருத்தி ஐந்து வருடமாகத் தனியே இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். "திரவாய்" என்றாள்.

"ஆர் பிள்ளை வேலை செய்கிறது?"

"அவர்தான் ரீச்சர்."

"அப்ப நீர்?"

"நான் வீட்டிலதானே சும்மா இருக்கிறன்."

விடிய நாலரைக்கு எழும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, இரவு பத்து மணிவரை மெசினில் சட்டை தைத்து விற்கிறவள் அவள். ஒரு நாளில் செய்வதெல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பதினொரு வசனம் கொண்டுவந்தாள். எல்லாம் 'ஜ' வில் தொடங்கின. எழுத்துப்பிழை இருந்தது, திருத்திக்கொடுத்தேன்.

"தைக்கிறேன் என்றதுக்குச் சொல் கிடைக்கேல்லை ரீச்சர்" என்றாள்.

அது ஒழுங்கில்லாத வினை, இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் வரும் என்றேன். அவள் விடவில்லை. அதனால் அன்றைக்கே கரும்பலகையில் எழுதிப்போட்டேன்: ஜ கூ.