அக்கா வேணுமா? ஓட்டு விழணும்!

நம்ம ஹாஸ்டலில் அக்கா கிடைப்பது ரொம்ப ஈஸி. பக்கத்து ரூமில் இருப்பார். ஒரு நாள் ராத்திரி மேகி செய்து கொடுப்பார். இன்னொரு நாள் பரீட்சைக்கு முன்னால் பழைய கொஸ்டின் பேப்பரை நீட்டுவார். அவ்வளவுதான், அக்கா ஆகிவிட்டார்! ஆனால் அமெரிக்காவில் பல காலேஜ்களில் அக்கா வேண்டுமென்றால் பேர் பதிவு பண்ணணும், பணம் கட்டணும், ரவுண்டு ரவுண்டாகப் போய் நிற்கணும், கடைசியில் ஓட்டும் விழணும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பேர்தான் சொராரிட்டி. லத்தீனில் ‘சொரோர்’ என்றால் சகோதரி. மாணவிகளுக்கு மட்டுமான சங்கம், கிரேக்க எழுத்துகளில் பேர், நாடு முழுக்கக் கிளைகள். ஒரு காலேஜில் இருக்கும் கிளையை ‘சாப்டர்’ என்கிறார்கள். 1851-லேயே ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இந்தக் கதை ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு இதன் தலைநகரம் மாதிரி இருப்பது பக்கத்து மாநிலத்தில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம். அங்கே ஒரு சாப்டரின் ஒரு வருஷம் எப்படி ஓடும்? வாங்க, காலண்டரைப் புரட்டுவோம்.

ஆகஸ்ட்: கிளாஸ் ஆரம்பிப்பதற்கு முன்பே ‘ரஷ்’ ஆரம்பித்துவிடும். சமீப வருஷங்களில் 2,000-க்கும் மேற்பட்ட முதலாண்டுப் பெண்கள் வந்து குவிகிறார்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் அரண்மனை மாதிரி ஒரு வீடு. வீடு வீடாகப் போய், சிரித்து, பேசி, அடுத்த வீட்டுக்கு ஓடணும். 2021-ல் இந்தப் பெண்கள் ‘இன்னிக்கு நான் என்ன டிரெஸ்’ என்று டிக்டாக்கில் போட்ட வீடியோக்கள் உலகமே பார்க்கும் சீரியல் ஆனது. ரவுண்டுக்கு ரவுண்டு லிஸ்ட் சுருங்கும். கடைசியில் பெண்கள் தங்களுக்குப் பிடித்த வீடுகளை வரிசைப்படுத்துவார்கள், வீடுகள் தங்களுக்குப் பிடித்த பெண்களை வரிசைப்படுத்தும். கம்ப்யூட்டர் ரெண்டையும் பொருத்திப் பார்க்கும்.

நம்ம இன்ஜினீயரிங் கவுன்சிலிங் மாதிரியே இருக்கில்ல? ஒரே ஒரு வித்தியாசம்தான். இங்கே கட்-ஆஃப் என்னவென்று யாரும் வெளியே ஒட்ட மாட்டார்கள். மார்க் ஓரளவு பார்ப்பார்கள். மற்றதெல்லாம் ‘நம்ம வீட்டுக்கு இவ சரிப்படுவாளா?’ என்பதுதான். ‘பிட் டே’ அன்று லட்சம் பேர் உட்காரும் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் கவர்களைப் பிரிப்பார்கள். உள்ளே எந்த வீட்டின் பேர் இருக்கோ, அந்த வீட்டை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடணும். கவர் கிடைக்காதவர்கள்? அவர்களை எந்த கேமராவும் எடுப்பதில்லை.

செப்டம்பர்: எல்லா வருஷமும் இந்த மாசம் புது அக்கா தங்கைகளோடு ஜாலியாகப் போகும். 2013-ல் மட்டும் போகவில்லை. அந்த செப்டம்பர் 11-ம் தேதி, கேம்பஸ் மாணவர் பத்திரிகையான ‘தி கிரிம்ஸன் ஒயிட்’ ஒரு குண்டு போட்டது. பள்ளியில் பிரமாதமான மார்க், செல்வாக்கான குடும்பம், எல்லாம் இருந்தும் ஒரு கறுப்பினப் பெண்ணை, வெள்ளையர்கள் நிறைந்த பழைய சொராரிட்டி ஒன்றுகூட எடுக்கவில்லை. ஏன்? உள்ளே இருக்கும் மாணவிகளே பத்திரிகையிடம் சொன்னார்கள். அந்தப் பெண்ணை எடுக்க வேண்டும் என்றுதான் பலர் நினைத்தார்கள். எப்போதோ படித்து முடித்துப் போன பழைய மாணவிகள் நடுவில் புகுந்து வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள்!

யோசித்துப் பாருங்க. 1963 ஜூன் 11 அன்று, கறுப்பின மாணவர்கள் ரெண்டு பேர் உள்ளே வரக்கூடாது என்று இதே பல்கலைக்கழகத்தின் கட்டட வாசலில் மறித்துக்கொண்டு நின்றார் அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸ். கென்னடி அரசு தலையிட்டு அவரை விலக வைத்தது. கிளாஸ் ரூம் கதவு திறந்து 50 வருஷம் ஆகியும் ‘அக்கா’ வீட்டுக் கதவு மூடித்தான் இருந்திருக்கிறது.

செய்தி வந்த ஒரு வாரத்துக்குள் நூற்றுக்கணக்கான மாணவர்களும் ஆசிரியர்களும் கேம்பஸில் ஊர்வலம் போனார்கள். ஆள் எடுப்பதை மறுபடி திறக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத் தலைவர் உத்தரவு போட்டார். கறுப்பினப் பெண்கள் சிலருக்கு அழைப்பு போனது, சிலர் சேர்ந்தார்கள். இதில் எனக்குப் பெரிசாகத் தெரிவது உத்தரவு இல்லை. தான் இருக்கும் வீட்டைப் பற்றியே, ‘எங்க வீட்டில் இப்படி நடந்தது’ என்று சொன்ன அந்த மாணவிகளின் தைரியம்தான்.

அக்டோபர், நவம்பர்: ஒவ்வொரு புதுப் பெண்ணுக்கும் ஒரு ‘பிக் சிஸ்டர்’. அது யாரென்று கடைசிவரை சஸ்பென்ஸ்! அக்காவுக்கு அக்கா பாட்டி முறை, ஆக ஒரு குடும்ப மரமே உண்டு. நிதி திரட்டும் சீஸனும் இதுதான். ஸீட்டா டௌ ஆல்ஃபா சங்கம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு உழைக்கும். டிரை டெல்டா, குழந்தைகளின் புற்றுநோயை எதிர்த்து நிற்கும் செயின்ட் ஜூட் மருத்துவமனைக்குப் பணம் சேர்க்கும்.

இதே மாசங்களில்தான் இருட்டுப் பக்கமும் வரும். அங்கே அதற்குப் பேர் ‘ஹேசிங்’, நம்ம ஊரில் ராகிங். தமிழ்நாடு 1997-லேயே ராகிங்குக்குத் தடைச் சட்டம் போட்டது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் சட்டம் இருந்தாலும், காலேஜ்கள் ஹேசிங் கணக்கை வெளியே சொல்லியே ஆகணும் என்ற தேசியச் சட்டம் 2024 டிசம்பரில்தான் வந்தது.

ஜனவரி: இது வேறு சில சொராரிட்டிகளின் பிறந்தநாள் மாசம். கதவு திறக்கவில்லை என்றால் என்ன பண்ணுவது? சொந்தமாக வீடு கட்டுவது! 1908 ஜனவரி 15 அன்று வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவிகள் ஆரம்பித்தது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. 1913 ஜனவரி 13 அன்று அதிலிருந்து பிரிந்த 22 பேர் டெல்டா சிக்மா தீட்டாவை ஆரம்பித்தார்கள். சங்கம் ஆரம்பித்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை, மார்ச் 3 அன்று பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வாஷிங்டன் தெருவில் ஊர்வலத்தில் நடந்தார்கள். ஓட்டு என்றால் இதுவல்லவா ஓட்டு!

ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா அக்காக்களும் சும்மா இல்லை. 1935-ல் மிசிசிப்பி கிராமங்களுக்கு டாக்டர், நர்ஸோடு மருத்துவ முகாம் போட்டார்கள். தோட்ட முதலாளிகள் கூலிக்காரர்களை முகாமுக்கு அனுப்ப மறுத்தார்கள். கார்களையே கிளினிக் ஆக்கித் தோட்டத்துக்கே போனார்கள் இவர்கள். இந்தச் சங்கத்தில் 1986-ல் சேர்ந்த ஒரு ஹோவர்ட் மாணவியை நமக்கும் தெரியும். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள், 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ்.

மே: ஃபைனல் இயர் அக்காக்கள் அழுதுகொண்டே கிளம்புவார்கள். ஆனால் சொராரிட்டியில் யாரும் முழுசாகப் போவதில்லை, ‘பழைய மாணவி’ ஆகிறார்கள். வேலைக்கு சிபாரிசு பண்ணுவதும் அவர்கள்தான், 2013-ல் கதவை இழுத்துப் பிடித்ததும் அவர்கள்தான். இந்த மே மாசம் கிளம்பும் அக்கா எந்த மாதிரி பழைய மாணவி ஆவார் என்பதில்தான் அடுத்த ஆகஸ்ட் இருக்கிறது.

நமக்கு சொராரிட்டி இல்லை, சரி. ஆனால் கல்சுரல்ஸ் டீம் இருக்கு, சிம்போசியம் கமிட்டி இருக்கு, கேன்டீனில் ‘நம்ம செட்’ உட்காரும் டேபிள் இருக்கு. அங்கேயும் கட்-ஆஃப் யாரும் ஒட்டுவதில்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர், பஸ்ஸில் 2 மணி நேரம் வந்து போகிறவர் - இவர்களில் எத்தனை பேர் நம்ம டேபிளில் இருக்கிறார்கள்? அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, ‘இவங்க நமக்கு செட் ஆக மாட்டாங்க’ என்று ஒரு சீனியர் சொன்னால், ‘ஏன்?’ என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ்!