காத்தடிக்கிற மெஷினும் ஒரு நாப்பது பக்க நோட்டும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. சினிமா, அரசியல்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க, இன்னிக்கு மேட்டர் கம்ப்ரஸர். ஃபிரிட்ஜ்ல இருக்கறது இல்ல, பஞ்சர் கடையில தடதடன்னு ஓடுறதும் இல்ல. ஏர் ரைஃபிளுக்குக் காத்து அடிக்கிற ஹை பிரஷர் கம்ப்ரஸர்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ஒலிம்பிக்ல 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் பார்த்திருப்பீங்க. 2008ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, 2024ல பாரிஸ்ல மனு பாக்கர் வெண்கலம் வாங்கினாரே, அதேதான். அந்தத் துப்பாக்கில குழலுக்குக் கீழ ஒரு குட்டி சிலிண்டர் இருக்கும். அதுல 200 பார் அழுத்தத்துல காத்து. உங்க கார் டயர்ல இருக்கறது ரெண்டு பார் சொச்சம்தான், அதுலேர்ந்து கணக்கு போட்டுக்கோங்க.

நான் சென்னையில கடலுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு கிளப்ல சனி, ஞாயிறு சுடப் போறவன். மெடல் வாங்கற ஆள் இல்ல. ஆனா மெஷின் ஆசை உள்ள ஆள்ங்கறதால காத்து அடிக்கிற வேலை என் தலையில விழுந்தது. பெருமையாத்தான் செஞ்சிட்டிருந்தேன். போன வருஷம் ஒரு ஒன்பதாங்கிளாஸ் பொண்ணோட ரைஃபிள், ஷாட் மேல கீழ சிதறுதுன்னு சர்வீஸுக்குப் போச்சு. சர்வீஸ் பண்றவர் காத்தை முழுக்க வெளியேத்திட்டு, வால்வைக் கழட்டி, சிலிண்டரைக் கவுத்தார். உள்ளேர்ந்து ரெண்டு மூணு சொட்டுத் தண்ணி, கூடவே வெள்ளையா பொடி. அலுமினியம் அரிச்ச பொடி. அவங்கப்பா கடன் வாங்கி செகண்ட் ஹேண்ட்ல வாங்கிக் குடுத்த ரைஃபிள் அது. அதுல போன காத்து மொத்தமும் நான் அடிச்ச காத்து.

தண்ணி எங்கேர்ந்து வந்துதுன்னு கேப்பீங்க. காத்துலேர்ந்துதான். 30 டிகிரி சூட்டுல, 80 சதவீத ஈரப்பதத்துல (அதாவது சென்னையில சாதாரண சாயங்காலம்) ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 24 கிராம் தண்ணி ஆவியா இருக்கு. அந்தக் காத்தை 200 மடங்கு அமுக்கி ஆற விட்டா, ஏறக்குறைய மொத்த ஆவியும் தண்ணியாயிடும். தீயணைப்புக்காரங்க முதுகுல மாட்டிக்கற 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பார் வரைக்கும் நிரப்பினா, மெஷின் வழியா 40 கிராமுக்கு மேல தண்ணி போகும். வழியில வடிச்சு எடுக்கலேன்னா அது எங்க போய் உக்காரும்? அதுக்குத்தான் மெஷின்ல வடி வால்வு இருக்கு. ஓடும்போது அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்தா புஸ்ஸ்னு பால் காப்பி கலர்ல ஒண்ணு பீச்சும். எண்ணெயும் தண்ணியும் கலந்த கரைசல். நான் திறந்தேனா? ஞாபகம் வந்தப்போ திறந்தேன். வெறும் சத்தத்தைக் கேட்டுட்டு மூடின நாளும் உண்டு.

இப்ப ரெண்டாவது கதை. இதை எழுதத்தான் உக்காந்தேன்.

இந்த மெஷின்ல வெடிதகடுன்னு ஒண்ணு இருக்கு. ரூபா நாணயத்தை விடச் சின்ன மெல்லிசு தகடு. அழுத்தம் எல்லை தாண்டினா அது கிழிஞ்சு காத்தை வெளிய விட்டுடும், மத்ததெல்லாம் பிழைச்சுக்கும். எங்களுக்கு ஒரே வாரத்துல ரெண்டு தகடு கிழிஞ்சுது. கேஜைப் பார்த்தா 150தான் காட்டுது. "தகடு டூப்ளிகேட் சார், ரெண்டா சேத்துப் போட்டுடலாம், தாங்கும்"னார் மெக்கானிக். நானும் சரின்னுட்டேன். நெசமாத்தான். தகடைக் கையில எடுத்தாச்சு. பக்கத்துல நின்னுட்டிருந்த அதே பொண்ணு, "அங்கிள், இது கிழியறதுக்குன்னு வச்சது தானே? கிழிஞ்சா ஏன் தப்பு?"ன்னு கேட்டுது.

கழட்டிப் பார்த்தோம். எங்க மெஷின்ல தகடு இருக்கறது பம்ப் தலையில, கேஜ் இருக்கறது ஃபில்டர் தாண்டி. ஃபில்டர்ல இருந்த பஞ்சு எண்ணெயும் தண்ணியும் குடிச்சு சாணி உருண்டை மாதிரி அடைச்சிட்டிருந்தது. அந்தப் பக்கம் 150 காட்டினா இந்தப் பக்கம் அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கு. தகடு ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு, கேஜும்தான். பஞ்சை மாத்தாத நான்தான் டூப்ளிகேட் :-(

ரெண்டு தகடு போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். 6.8 லிட்டர், 300 பார். அதுல அடங்கியிருக்கற சக்தி ஏறக்குறைய 400 கிலோ ஜூல். ஆயிரம் கிலோ கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல வந்து மோதற சக்தி. பம்ப் தலையில அவ்வளவு காத்து இல்லைதான். ஆனா தெறிக்கிற போல்ட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அந்தப் பொண்ணு நின்னுட்டிருந்தது ரெண்டடி தள்ளி.

எண்ணெய் விஷயமும் சொல்லிடறேன். காத்தை அமுக்கினா சூடாகும், சைக்கிள் பம்ப் அடிச்சவங்களுக்குத் தெரியும். டீசல் எஞ்சின் பத்திக்கிறதே இந்தச் சூட்டுலதான். அதனாலதான் இதுல ரெண்டு படியா அமுக்கி, நடுவுல தண்ணி ஓட்டி ஆத்தறாங்க. பைக்குக்கு ஊத்தி மிஞ்சின எண்ணெயை இதுல ஊத்தினா உள்ளயே பத்திக்க வாய்ப்பிருக்கு. கம்பெனி சொன்ன கம்ப்ரஸர் எண்ணெய்தான் ஊத்தணும், விலை ஜாஸ்தின்னாலும். இன்னும் சில புத்திசாலிங்க வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டர்லேர்ந்து ரைஃபிளை நிரப்பலாமான்னு கேக்கறாங்க. ஐயா சாமி, வேணாம். சுத்த ஆக்சிஜனும் துளி கிரீஸும் அந்த அழுத்தத்துல சேந்தா நெருப்புக்குச்சியே தேவையில்ல.

ஆத்தற தண்ணிக்கும் வருவோம். போர் தண்ணியை பக்கெட்ல புடிச்சு ஓட்டினா ஒரே வருஷத்துல உள்ள வெள்ளையா காரை பிடிச்சுடும், வென்னீர் போடற பாத்திரத்துல பிடிக்கற மாதிரி. கேன் தண்ணி ஊத்துங்க. மே மாசத்துல மாடி டேங்க் தண்ணி தானே கொதிக்குது, அதனால ஐஸ் பாட்டில் ஒண்ணு மிதக்க விடுங்க. 60 டிகிரி தாண்டினா நிறுத்தி ஆற விடுங்க, வரிசையில எத்தனை பேர் நின்னாலும்.

இப்ப என் கட்சி. தனியா சுடறவங்க கம்ப்ரஸர் வாங்காதீங்க. இணையத்துல மலிவா கிடைக்குதுதான், ஆசையாத்தான் இருக்கும். 10 மீட்டர் ரைஃபிள் சிலிண்டருக்கு நல்ல கைப்பம்பு போதும். நடுநடுவுல நிறுத்தி ஆத்தி அடிக்கணும், அவ்வளவுதான். அதுவும் உடம்புக்கு நல்லது, என் தொப்பையைப் பார்த்தவங்களுக்குப் புரியும். கிளப்புன்னா ஒரே ஒரு மெஷின், அதுக்குப் பொறுப்பா ஒரே ஒரு ஆள், பக்கத்துல ஒரு நோட்டு. புது ரைஃபிளுக்கு ஒதுக்கற காசுல ஒரு பங்கை முதல்ல நல்ல உலர்த்தி ஃபில்டருக்கு ஒதுக்குங்க. எங்க கிளப்ல இதைச் சொன்னப்ப, "நோட்டு எதுக்கு, எங்க மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு ஒரு பெரியவர் கோவிச்சுக்கிட்டார். அவர் மேல நிறையவே நம்பிக்கை இருக்கு. எனக்கு என் மேலதான் இல்ல.

கடைசியில நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி ஆணியில நூல் கட்டித் தொங்க விட்டேன். தேதி, ஓடின நிமிஷம், எத்தனை தரம் வடிச்சது, பஞ்சு மாத்தினது, எண்ணெய் மாத்தினது. யார் சிலிண்டர், அதுல என்ன வருஷம் போட்டிருக்குன்னும் ஒரு பத்தி உண்டு. போட்டிக்கு சிலிண்டர் ஆயுசு அதிகபட்சம் பத்து வருஷம்னு விதி, அதை நெறைய பேர் திருப்பிக்கூடப் பாக்கறதில்ல.

முதல் ரெண்டு மாசம் நான் மட்டும்தான் எழுதினேன். அப்புறம் அந்தப் பொண்ணு எழுத ஆரம்பிச்சா. அவ சிலிண்டரை ஒதுக்கியாச்சு, புதுசு வாங்கப் பாதிக்காசு நான் போட்டேன் (வீட்டம்மாவுக்கு இது தெரியாது, யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க). போன ஞாயித்துக்கிழமை அவ கையெழுத்துல கடைசி வரி: "22 நிமிஷம். 4 தரம் வடிச்சேன். கலர் கறுப்பா வருது, பஞ்சு மாத்தணும்."

வர்ற சனிக்கிழமை என் முறை. போற வழியில பஞ்சு வாங்கணும்.