வெயில் அடிச்சா பனிமலை சேஃபா? வசந்தகாலப் பனிச்சரிவு ஏன் ஆபத்தானது?

2023 ஏப்ரல் 4. சிக்கிமின் கேங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குப் போகும் மலைச்சாலை. நண்பகலையொட்டி மேலிருந்து சரிந்த பனி, சுற்றுலா வந்தவர்களை மூடியது. 7 பேர் உயிரிழந்தனர். அன்று அனுமதி 13-வது மைல் வரைக்கும்தான் கொடுக்கப்பட்டிருந்தது. விபத்து நடந்தது 15-வது மைல் அருகே.

குளிர்காலம்தான் முடிஞ்சுபோச்சே, அப்புறம் எப்படிப் பனிச்சரிவு?

அடுக்கடுக்கான பனி

மலைச்சரிவில் கிடக்கும் பனி ஒரே கட்டி கிடையாது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. நடுவில் ஓர் அடுக்கு பலவீனமாக இருந்தாலும் மேலே இருப்பது மொத்தமாக வழுக்கி வரலாம். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது அதிகம்.

வசந்தகாலத்தில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மேல்பனி உருகி, தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பனித்துகள்களின் பிடிப்பு தளர்கிறது. இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனி மீண்டும் உறைந்து இறுகும். அதனால் காலை 7 மணிக்குப் பாறை மாதிரி இருக்கும் சரிவு, மதியம் 2 மணிக்குச் சேறு மாதிரி ஆகிவிடலாம். இரவு முழுக்க மேகமூட்டமாக இருந்தால், காலையிலும் அதை நம்ப முடியாது.

அதாவது, போட்டோவுக்கு ரொம்ப அழகான அந்த வெயில் நேரம்தான் இங்கே கவனமாக இருக்க வேண்டிய நேரம்.

15 நிமிடக் கணக்கு

சரிந்து நின்றதும் பனி கெட்டியாக இறுகிவிடும். புதைந்தவரால் பெரும்பாலும் கையைக்கூட அசைக்க முடியாது. முதல் 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதன்பிறகு மூச்சுத்திணறலால் அது வேகமாகக் குறைகிறது. மீட்புப் படை வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அதனால்தான் பயிற்சி பெற்ற மலையேறிகள் சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றையும் கூடவே எடுத்துப்போகிறார்கள். டாக்ஸியில் போய் இறங்கும் பயணியிடம் இதில் எதுவும் இருக்காது. அவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, அந்த இடத்துக்குப் போகாமல் இருப்பதுதான்.

யார் பொறுப்பு?

டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ ஆய்வகம், இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கைகளைத் தருகிறது. அந்த எச்சரிக்கை பயணியின் கைக்கும் வந்து சேர வேண்டும். அன்றைய அபாய நிலையை அனுமதிச் சீட்டிலேயே அச்சிடலாம். பனி இளகும் நாட்களில் மதியத்துக்கு மேல் வாகனங்களை நிறுத்தலாம். எல்லை 13-வது மைல் என்றால், வண்டிகள் அங்கேயே நிற்பதை உறுதி செய்ய வேண்டும்.

பயணிக்கும் பங்கு உண்டு. கிளம்பும் முன் எச்சரிக்கையைப் பாருங்கள். பனி மூடிய செங்குத்துச் சரிவுக்குக் கீழே வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்காதீர்கள். சரிவில் ஏறினால்தான் ஆபத்து என்றில்லை. "இன்னும் ரெண்டு மைல்தான் சார், போயிடலாம்" என்று டிரைவர் சொன்னால், "வேணாம் அண்ணா, திரும்பிடலாம்" என்று சொல்லுங்கள்.

நாதுலா சாலையில் 13-க்கும் 15-க்கும் நடுவே இருந்ததும் அந்த ரெண்டு மைல்தான்.