கார்டனாலும் ‘கழிவு’ என்ற சொல்லும்

முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து பெறப்படும் கார்டனாலைப் பற்றிய ஆய்வுக்கட்டுரைகளின் முதற்பத்தியைப் படிக்காமலே சொல்லிவிடலாம்: புதியது, பசுமையானது, மலிவானது, வேளாண் கழிவிலிருந்து கிடைப்பது. பலபடிகளுக்கும் மேற்பூச்சுகளுக்கும் பெட்ரோலியப் பீனாலுக்கு மாற்றாகும் இடைநிலைப்பொருள் அது என்பதில் ஐயமில்லை. ஐயமெல்லாம் அந்த அடைமொழிகளின் மீதுதான்.

புதியதா? 1920களிலேயே அமெரிக்காவில் மார்ட்டிமர் ஹார்வி இவ்வெண்ணெயிலிருந்து பிசின்கள் செய்யத் தொடங்கிவிட்டார். நம் கடற்கரைகளில் படகுக்கும் வலைக்கும் இதைப் பூசியவர்களின் பெயர் எந்தக் காப்புரிமையிலும் இல்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் வழங்கும் தெலுங்கில் முந்திரி ‘ஜீடிமாமிடி’. மாமிடி என்பது மா. ஜீடி என்பது சலவைத் தொழிலாளர் துணியில் குறியிட்ட, தோலைப் புண்ணாக்கும் சேங்கொட்டை. மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மூன்றின் சாற்றிலும் நீண்ட கரிமச் சங்கிலி கொண்ட பீனால் வகைகள் உண்டு. சித்தூர்த் தோப்புகளில் பெங்களூரா மாங்காய் பறிப்போர் காம்புப்பால் மேலே படாமல் விலகுவதும் இதனால்தான். போர்த்துக்கீசியர் கொணர்ந்த அயல்மரத்துக்கு இப்பெயரை வைத்தவர்கள் வேதியியல் படித்தவர்கள் அல்லர்.

பசுமை என்பதும் பாதி உண்மை. கப்பற்பூச்சுகளில் பயன்படும் பீனால்கமைனாகக் கார்டனால் மாற ஃபார்மால்டிஹைடும் அமீனும் வேண்டும். அது இறுகவைப்பதோ பெரும்பாலும் பிஸ்பீனால்-ஏ வழிவந்த எபாக்சியை.

‘மலிவு’, ‘கழிவு’ இரண்டும் ஒரே பொய்யின் இரு உருவங்கள். பண்ருட்டியிலும் கொல்லத்திலும் பலாசாவிலும் ஓடு உடைப்போர் பெரும்பாலும் பெண்கள். சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டாலும் விரல்கள் கறுத்துத் தோலுரியும். திருப்பதி லட்டின் முந்திரிக்கும் ஓர் ஓடு இருந்தது; அதையும் யாரோ ஒருவர் உடைத்தார். ‘கழிவு’ என்றதும் அவ்வுழைப்பு கணக்கிலிருந்து நீங்குகிறது. ‘பெறப்பட்டது’ என்ற செயப்பாட்டுவினை, பெற்றுத்தந்தவரையே வாக்கியத்திலிருந்து நீக்கிவிடுகிறது.

கரைப்பானின் தூய்மையைத் தசமப்புள்ளியோடு குறிக்கும் ஆய்வேடுகள், ஓடு எங்கே, எம்முறையில், எந்தக் கூலிக்கு உடைக்கப்பட்டது என எழுதுவதில்லை. இது அறம் சார்ந்த கேள்வி மட்டுமன்று. சூடின்றிப் பிழிந்த எண்ணெயில் அனகார்டிக் அமிலமே மிகுதி. சூடேறினால்தான் அது கரியமில வாயுவை இழந்து கார்டனாலாகிறது. 1954இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகமும் 2015இல் வந்த ஐஐடியும் ஐசரும் உள்ள திருப்பதியில், கார்டனாலைத் தொடும் அடுத்த ஆய்வேடு ‘மூலப்பொருள்கள்’ பகுதியில் அந்த ஒரு வரியைச் சேர்க்கட்டும்.