பல்லும் உடம்பில் சேர்த்திதான்!

இந்தப் பகுதியில் சகோதரிகள் மாமியார் தொல்லை, பிள்ளைகள் படிப்பு, தங்கம் விலை என்று எத்தனையோ எழுதுகிறார்கள். நான் பல்வலியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரித்து விடாதீர்கள். வந்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைக்கிறோம். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறோம். மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். பல்வலி என்றால் மட்டும், "ஒரு கிராம்பைக் கடிச்சிக்கிட்டுப் படு, காலையிலே சரியாயிடும்" என்று முடித்து விடுகிறோம். வீட்டில்தான் இப்படி என்றால், ஆஸ்பத்திரியிலும் அதே கதை. ராத்திரியில் நெஞ்சுவலி என்று போனால் பார்க்கிறார்கள். பிரசவம் என்று போனால் பார்க்கிறார்கள். பல்வலி என்று போனால், ஒரு ஊசியைப் போட்டு "பகல்லே வந்து பல் டாக்டரைப் பாருங்க" என்று அனுப்புகிறார்கள். வீடும் சரி, ஆஸ்பத்திரியும் சரி, பல்லை உடம்பில் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதே இல்லை. என் ஆதங்கம் இதுதான்.

இது யாரோ நாலு பேருக்கு வரும் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். உலகத்தில் ஏறக்குறைய 350 கோடிப் பேருக்கு வாய், பல் சம்பந்தமான நோய் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதாவது, இரண்டு பேரில் ஒருவருக்கு என்று வைத்துக் கொள்ளலாம்!

எங்கள் புள்ளலூர் சரித்திரப் புத்தகத்தில் இடம்பெற்ற ஊர். 1780ம் வருஷம் செப்டம்பர் 10ந் தேதி ஹைதர் அலியின் படையும் அவர் மகன் திப்புவும் ஆங்கிலேயப் படையை முறியடித்தது இங்கேதான். அவ்வளவு பெயர் பெற்ற ஊரில் இருந்து கொண்டு, ராத்திரி பல் வலித்தால் பொழுது விடிகிற வரை கன்னத்தைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விடிந்ததும் காஞ்சிபுரத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. சர்க்கரை வியாதிக்காரர். கடைவாய்ப் பல்லில் சொத்தை. அறுப்பு சமயத்தில் வலி ஆரம்பித்தது. "வேலை முடியட்டும், போய்க்கலாம்" என்று கிராம்புத் தைலத்தைத் தடவிக் கொண்டார். மூன்றாம் நாள் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். வலி நின்றது. சரியாகி விட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஐந்தாம் நாள் தாடை வீங்கியது. தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தார்கள். ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வாயைத் திறக்க முடியவில்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. வீக்கம் கழுத்து வரை இறங்கி விட்டது. ஆட்டோ வைத்துக் கொண்டு அலைந்தோம். ஒரு கிளினிக் பூட்டியிருந்தது. இன்னோர் இடத்தில், பல் டாக்டர் திங்கட்கிழமைதான் என்றார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தாடைக்குக் கீழே கீறி சீழை எடுத்தார்கள். ஒன்பது நாள் படுக்கை. காதுக் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. பத்தாவது படிக்கிற மகள் ஒன்பது நாளும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் சமைத்தாள்.

எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய ஒரு பல்லால்!

அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சொத்தை ஆழமாகப் போய் பல்லுக்குள் இருக்கும் நரம்பைத் தொடும்போதுதான் உயிர் போகிற வலி. அந்த நரம்பு செத்துப் போனால் வலி சட்டென்று நின்று விடும். நாம் குணமாகி விட்டது என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் உள்ளே கிருமி வேரின் அடிக்குப் போய் சீழ் கட்டுகிறது. வழி கிடைத்தால் தாடைக்கு, நாக்குக்கு அடியில், கழுத்துக்கு என்று பரவுகிறது. அப்படிப் பரவி மூச்சை அடைக்கிற நிலையை ஜெர்மனி நாட்டு டாக்டர் லுட்விக் என்பவர் 1836லேயே எழுதி வைத்திருக்கிறாராம். இன்றைக்கும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான். மாத்திரையால் மட்டும் இது தீராது. சீழை வெளியேற்றி, வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல்லை எடுக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் வேகமாகப் பரவும்.

ஆகையால் எது காலை வரை பொறுக்கும், எது பொறுக்காது என்று வீட்டுக்கு ஒருவராவது தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும்.

வாயைத் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம், கண்ணை மூடுகிற அளவு முகவீக்கம், வீக்கத்தோடு குளிர் காய்ச்சல், அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம் - இதில் எது ஒன்று இருந்தாலும் பல் டாக்டருக்காகக் காத்திருக்காதீர்கள். 108க்கு போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வெறும் வலி, பல் உடைந்தது, அடைத்த சிமெண்ட் விழுந்தது என்றால் காலை வரை சமாளிக்கலாம். ஆனால் "காலை" என்பது அடுத்த வாரம் இல்லை, அடுத்த நாள்!

சமாளிக்கிறேன் என்று கண்டதையும் வாயில் வைக்கிறோமே, அதுவும் தப்பு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். பாரசிட்டமால் மாத்திரையை அளவோடு விழுங்கலாம். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரத்துப் போகச் செய்யும், அவ்வளவுதான். வீக்கத்துக்குச் சூடு ஒத்தடம் வேண்டாம். துணியில் ஐஸ் சுற்றி வெளியே வைக்கலாம். சிலர் ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடி செய்து ஈறில் வைக்கிறார்கள். ஈறு வெந்து புண்ணாகி விடும். புகையிலை, மூக்குப்பொடி, கற்பூரம் எதுவும் கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் விஷம். பல் எடுத்த அன்று, வைத்த பஞ்சை அரை மணி நேரமாவது அழுத்திக் கடித்துக் கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு வாய் கொப்பளிப்பதும், அடிக்கடி துப்புவதும், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதும் வேண்டாம்.

பிள்ளை பெற்றவர்கள் இதை மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பையன் சைக்கிளிலிருந்து விழுந்து, நிரந்தரப் பல் முழுசாக வேரோடு வந்து விட்டது என்றால் தூக்கி எறியாதீர்கள். வேரைத் தொடாமல் மேல் பக்கம் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் பாலில் லேசாக அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. பிள்ளை பெரியவனாக இருந்தால், வந்த குழியிலேயே மெதுவாகப் பொருத்தி, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லலாம். பயமாக இருந்தால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக் கொண்டு ஓடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போனால் அதே பல் மறுபடி பிடித்துக் கொள்ள வாய்ப்பு உண்டு. கிராமத்தில் நமக்குப் பாலுக்கா பஞ்சம்? விழுந்தது பால்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. அடிபட்டதில் பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லை மறந்து விட்டு முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இத்தனையும் தெரிந்தாலும் நம்மைப் போக விடாமல் தடுப்பது சில பேச்சுகள். "மேல் பல்லைப் பிடுங்கினா கண் பார்வை போயிடும்" என்பது ஒன்று. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லைப் பிடுங்கினால் கண் போகாது. சீழை வைத்துக் கொண்டிருந்தால்தான் கண்ணுக்கும் ஆபத்து. "பிள்ளைத்தாச்சி பல்லுக்கு வைத்தியம் பண்ணக் கூடாது" என்பது இன்னொன்று. கர்ப்பமாக இருக்கும்போது பல் வைத்தியம் செய்து கொள்ளலாம். சாவகாசமாகச் செய்யக் கூடியதற்கு நடு மூன்று மாதம் வசதி. அவசரம் என்றால் எந்த மாதமும் பார்க்கலாம். டாக்டரிடம் கர்ப்பம் என்பதை முன்கூட்டியே சொல்லி விட வேண்டும், அவ்வளவுதான்.

அவசரம் என்பதற்காகச் சந்தையில் பல் கட்டுகிறவரிடமும், பழக்கத்தில் பல் பிடுங்குகிறவரிடமும் போய் விடாதீர்கள். 1948ம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டப்படியே பதிவு பெற்றவர்தான் பல் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ஆகி விட்டது. பி.டி.எஸ். படிப்பும் பதிவு எண்ணும் போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கருவிகளைச் சுத்தப்படுத்தினீர்களா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 2023ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்த பிறகு மூளையைத் தாக்கும் கிருமியால் 8 பேர் இறந்ததாகவும், சுத்தமில்லாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து பயன்படுத்தியது காரணமாக இருக்கலாம் என்றும் 2025ல் வெளியான டாக்டர்களின் ஆய்வு ஒன்று சொன்னது. இதைப் படித்து விட்டுப் பல் டாக்டர் என்றாலே பயப்பட வேண்டாம். பார்த்துப் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி நம் வீட்டுக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். வீட்டுக்காரருக்குப் பல் கூசினால் அன்றைக்கே கவலைப்படுகிறோம். பிள்ளை அழுதால் உடனே கிளம்புகிறோம். நமக்கு என்றால் மட்டும் அறுப்பு, நாத்தனார் வீட்டு விசேஷம், பரீட்சை, பண்டிகை எல்லாம் குறுக்கே நிற்கிறது. "பல்லுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்று மற்றவர் கேட்பதற்கு முன்னால் நாமே நம்மைக் கேட்டுக் கொள்கிறோம். வலியைப் பொறுத்துக் கொள்வது ஒரு பெருமையா சகோதரிகளே? பகலில் பஸ் ஓடும்போது, டாக்டர் இருக்கும்போது போகாததால்தான் பாதி அவசரங்கள் ராத்திரியில் வருகின்றன. வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் இலவசமாகவே பல் பிரிவு இருக்கிறது. சொத்தை சின்னதாக இருக்கும்போதே அடைத்து விட்டால் செலவும் இல்லை, அலைச்சலும் இல்லை.

மீதிப் பாதி நம் கையில் இல்லை. அதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. நடுவில் சிதம்பரத்தில் இருந்த ஒரு பல் கல்லூரி அரசின் கைக்கு வந்தது. அரசே புதிதாகக் கட்டிய அடுத்த பல் கல்லூரி புதுக்கோட்டையில் திறந்தது 2023ல். 70 வருஷம்! பல் என்றால் எவ்வளவு அவசரம் காட்டுகிறோம் என்பதற்கு இதுவே சாட்சி.

"ராத்திரியிலே பல்லுக்கு எத்தனை பேர் வரப் போறாங்க, இதுக்கு ஒரு டாக்டரா?" என்று கேட்பார்கள். ஊருக்கு ஒருவர் என்று யாரும் கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஓர் ஆஸ்பத்திரியில், ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டால் வரும்படி பல் டாக்டர்களை முறை வைத்துப் போடலாமே? ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்குப் பல் டாக்டர் இருப்பார் என்று ஒரு போர்டு எழுதி வைக்கலாமே? பெயிண்ட் செலவுதானே? இங்கிலாந்தில் ராத்திரி பல்வலி என்றால் 111 என்ற எண்ணுக்குப் போன் செய்து எங்கே போவது என்று கேட்கலாம். அங்கேயும் பல் டாக்டர் கிடைக்காமல் ஜனங்கள் சத்தம் போட்ட பிறகுதான், அவசரப் பல் சிகிச்சைக்கு வருஷம் 7 லட்சம் அப்பாயின்ட்மென்ட்டுகளைக் கூடுதலாகத் தருவோம் என்று 2025ல் அரசு அறிவித்தது. கேட்டால்தான் கிடைக்கும்.

நாம் எங்கே கேட்பது? கிராம சபையில்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடவோலை போட்டு ஊர் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்ததைக் கல்வெட்டில் எழுதி வைத்த உத்திரமேரூர் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இப்போது தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. ரோடு, தெருவிளக்கு, குடிதண்ணீர் எல்லாம் கேட்கிறோம். அடுத்த முறை குழுவோடு போய் உட்காரும் பெண்கள், பல் டாக்டருக்காகவும் ஒரு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அவர்களுக்கும் ஒருநாள் ராத்திரி கடைவாய்ப் பல் வலிக்காமலா போகும்?

- ஒரு குடும்பத் தலைவி, புள்ளலூர்.