ஓசை கேட்டால் வருவாள்!

சென்ற அரையாண்டு விடுமுறையில் நாங்கள் தோழியர் நால்வர் ஒன்றுகூடி, 'கிரானி' என்னும் கைப்பேசி விளையாட்டை ஆடிப் பார்த்தோம். "பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதுதான் வேலையா?" என்று பெற்றோர் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. மூன்று மாலைப் பொழுதுகளே அதற்குச் செலவாயின என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக் கொள்கிறோம்.

பெரிய நிறுவனம் எதுவும் இதைச் செய்யவில்லை. டிவிலோப்பர் என்ற பெயரில் இயங்கும் தனிப் படைப்பாளர் ஒருவர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்டது. பூட்டிய வீடொன்றில் கண் விழிக்கிறோம். ஐந்து நாட்களுக்குள் தப்ப வேண்டும். ஒருமுறை பிடிபட்டால் ஒரு நாள் போயிற்று. சாவி, சுத்தியல், குறடு ஆகியவை வீடெங்கும் ஒளிந்து கிடக்கும். அடுத்த ஆட்டத்தில் அவை இடம் மாறிவிடும்.

வீட்டுக்காரக் கிழவிக்குக் காது மிகக் கூர்மை. ஒரு பொருள் கீழே விழுந்தால் போதும், கையில் தடியுடன் ஓடி வருவாள். சில இடங்களில் தரைப் பலகையே கிறீச்சிட்டு நம்மைக் காட்டிக் கொடுக்கும். அலமாரிக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ ஒளியலாம். ஒளிவதை அவள் பார்த்துவிட்டால் பயனில்லை. மயக்க ஊசி எய்தாலும் சற்று நேரத்தில் திரும்பி வந்துவிடுவாள். ஆகவே ஓசையே நமக்கு எதிரி, ஓசையே ஆயுதமும் கூட. ஓர் அறையில் வேண்டுமென்றே ஜாடியைப் போட்டு அவளை அங்கே வரவழைத்து, மறுபக்கமாக நழுவுவதில்தான் இவ்விளையாட்டின் சுவை முழுவதும் இருக்கிறது. எங்களில் ஒருத்தி தும்மியபோது, கைப்பேசிக்குக் காது இல்லை என்று தெரிந்தும் நால்வரும் மூச்சைப் பிடித்துக் கொண்டோம்! இவ்வளவு எளிய பொருள்களால் இவ்வளவு அச்சத்தை எழுப்பியது பெரும் திறமையே என்பதில் ஐயமில்லை.

ஐந்தாம் நாளும் சிக்கினால் வரும் முடிவுக் காட்சிகள் கொடூரமானவை. கீழ் வகுப்புத் தங்கைகளுக்கு அவை வேண்டவே வேண்டாம்.

எங்கள் மனக்குறை வேறொன்று. இரண்டாம் மாலை, தோழியின் பாட்டி அருகில் வந்து உட்கார்ந்து திரையை உற்றுப் பார்த்தார். "ஏண்டி பிள்ளைகளா, கிழவின்னா பேயா? அந்த வீட்டுல அவளுக்கு வேற யாருமே இல்லையா?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் ஏன் அப்படி ஆனாள் என்று இந்த ஆட்டம் தெளிவாகச் சொல்வதேயில்லை. நரைத்த தலையும் அழுக்கு உடையுமே அச்சத்திற்குப் போதும் என்று எண்ணியது சோம்பேறித்தனம் அல்லவா? அந்தப் பாட்டிக்குக் காது மந்தம். நாங்கள் சொல்வது கேட்க, அருகே சென்று உரக்கப் பேச வேண்டும். மூன்று மாலையும் நாங்கள் கிசுகிசுத்துக் கொண்டே இருந்ததால், அவர் பெரும்பாலும் தனியாகவே இருந்திருக்கிறார்.

இவ்விளையாட்டில் கிழவி இல்லாத பயிற்சி முறையும் ஒன்று உண்டு. கடைசி மாலை அதையும் ஆடினோம். எல்லா அறைகளிலும் தாராளமாக நடந்தோம். ஜாடியைக் கீழே போட்டோம், ஒருவரும் வரவில்லை. பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டது.